மூளையின் அழுத்தத்தைக் கண்ணில் காணலாம்

தலையில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், மருத்துவர் அவருடைய இமைகளைத் திறந்து, கண்ணில் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கின்றார். "அடிபட்டது தலையில், கண்ணை ஏன் பார்க்க வேண்டும்?" என உடன் சென்றோர் வியப்பதுண்டு; பதற்றத்தில் சினம் கொள்வதும் உண்டு. காரணம் அறிந்தால் அச்சினம் தணியும்.

வளர்ந்தவரின் மண்டையோடு விரியாத பெட்டி. அதனுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. ஒன்று பெருகினால் மற்றவை இடம்விட்டே ஆகவேண்டும். 1783-இல் அலெக்சாண்டர் மன்றோவும், 1824-இல் ஜார்ஜ் கெல்லியும் தொடங்கி வைத்த இக்கருத்து, பின்வந்தோரால் நிறைவு பெற்று, இன்றும் மருத்துவ மாணவரின் அடிப்படைப் பாடமாக விளங்குகின்றது.

படுத்திருக்கும்போது மண்டையோட்டினுள் உள்ள அழுத்தம் ஏறத்தாழ 7 முதல் 15 மி.மீ. பாதரச அளவு. இரத்தக் கட்டு, வீக்கம், கட்டி, மூளைக் காய்ச்சல் முதலியவற்றால் இது உயரக்கூடும். 22-ஐத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூளைக்கு ஏறவேண்டிய இரத்தம் குறைந்துபோகும்.

இதைத் துல்லியமாக அளப்பதற்கு மண்டையோட்டில் துளையிட்டு நுண்குழாயைச் செலுத்துவர். சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960-இல் இம்முறையை விரிவாக விளக்கினார். ஆயின் இதற்கு மூளை அறுவை வல்லுநர் வேண்டும். இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் நேரலாம். முதுகில் ஊசியிட்டு நீரை எடுக்கும் முறையோ, மூளையில் கட்டியிருப்பின் பெருங்கேடு விளைவிக்கக்கூடும். அப்படியானால், வல்லுநர் இல்லாத சிற்றூர் மருத்துவமனையில் என் செய்வது?

இங்கேதான் கண் துணைக்கு வருகின்றது. பார்வை நரம்பு உண்மையில் மூளையின் நீட்சியே. மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகள் அந்நரம்பையும் உறைபோல் சூழ்ந்துள்ளன. மூளையைச் சுற்றியுள்ள நீரும் அவ்வுறைக்குள் விழிக்கோளத்தின் பின்புறம் வரை வருகின்றது. எனவே, உள்ளே அழுத்தம் ஏறினால் அதன் அடையாளம் கண்ணிலும் தோன்றும்.

1851-இல் எர்மன் எல்ம்ஹோல்ட்ஸ் விழியின் உட்புறத்தைக் காட்டும் கருவியை உலகிற்கு அளித்தார். அதைக் கொண்டு, மூளைக் கட்டியுள்ளோரின் பார்வை நரம்பு முனை வீங்கியிருப்பதை 1860-இல் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே எடுத்துரைத்தார். ஆனால் இவ்வீக்கம் தோன்றப் பல மணி நேரமோ சில நாள்களோ ஆகலாம். விபத்து நடந்த உடனே வீக்கம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று கருதுதல் கூடாது. ஒரு கண்மணி விரிந்து ஒளிக்கு அசையாதிருப்பதும் பெரும்பாலும் காலந்தாழ்ந்து வரும் அறிகுறியே.

நரம்பின் உறையோ விரைவில் விரிகின்றது. ஆகவே மூடிய இமையின்மேல் பசை தடவி, ஸ்கேன் கருவியை மெல்ல வைத்து, விழிக்கோளத்திற்கு 3 மி.மீ. பின்னால் அவ்வுறையின் விட்டத்தை அளக்கின்றனர். அது 5 மி.மீ.க்கு மேற்பட்டால் ஐயம் எழுகின்றது. 6-ஐ நெருங்கினால் ஐயம் வலுக்கின்றது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். விழிக்கோளமே கிழிந்திருக்கலாம் என்னும் ஐயமிருப்பின் மட்டும் இச்சோதனையைத் தவிர்ப்பர்.

லித்துவேனியா நாட்டின் கவுனாஸ் நகர ஆய்வாளர்கள் மற்றொரு வழி கண்டனர். கண்ணுக்குச் செல்லும் தமனியின் ஒரு பகுதி மண்டையோட்டிற்கு உள்ளும், மறு பகுதி வெளியிலும் இருக்கின்றது. கண்ணின்மேல் சிறிது சிறிதாக அழுத்தம் கொடுத்து, இரு பகுதிகளிலும் இரத்த ஓட்டம் ஒத்துவரும் நிலையைக் காண்கின்றனர். அப்போது வெளியே கொடுத்த அழுத்தமே உள்ளழுத்தம். இம்முறையைப் பற்றிய அவர்களது ஆய்வு 2012-இல் வெளிவந்தது.

எனினும் இவை மதிப்பீடுகளே. உறையின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். அளப்பவரின் கைப்பழக்கமும் முடிவை மாற்றும். மண்டையோட்டில் வைக்கும் குழாய்க்கு இவை இன்னும் ஈடாகவில்லை. ஆனால் யாரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் எனத் தீர்மானிக்க இவை பெரிதும் உதவும். அத்தீர்மானத்தில் ஒரு மணி நேரம் மிச்சமானாலும், ஓர் உயிர் பிழைக்கலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இது: காலையில் மிகும் தலைவலி, வாந்தி, குனிந்து நிமிர்கையில் பார்வை மங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல் ஆகியவை சேர்ந்து வந்தால், தலைவலி மாத்திரையோடும் புதுக் கண்ணாடியோடும் நிறுத்திவிடாதீர்கள். கட்டி ஏதுமின்றியே, குறிப்பாக உடல் பருத்த இளம்பெண்களுக்கு, இவ்வழுத்தம் உயர்வதுண்டு. கவனியாது விட்டால் பார்வை நிலையாகவே பறிபோகும். விழியின் உட்புறத்தைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.