விதையில்லாத களை சல்வீனியா

அரியாலைக் கமக்காரர்களே, உங்கள் குளத்திலோ கேணியிலோ மடிந்த சிறு பச்சையிலைகள் நெருங்கி மிதக்கக் கண்டால், ஓரிலையை எடுத்து மேற்புறத்தை உற்றுநோக்குங்கள். முட்டையடிக்கும் கருவிபோல நுனியிற் கூடிய நுண்மயிர்கள் இருப்பின், அது சல்வீனியா ஆகும்.

தென்கிழக்குப் பிரேசிலுக்குரிய இச்செடி 1939 இல் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொணரப்பட்டது. 1954 அளவில் இலங்கையின் வயலிலும் சதுப்பிலும் ஏறத்தாழ 22,000 ஏக்கரை மூடியது. இத்தனைக்கும் இது விதையற்ற செடி. இது ஒரு கலப்பினம் என்று தாவரவியலார் கருதுகின்றனர். இதிலுள்ள ஐந்து தொகுதி நிறமூர்த்தங்கள் சரிவர இணைந்து பிரிய இயலாமையால் வித்திகள் மலடாகின்றன. கோவேறு கழுதை குட்டி ஈனாததும் இத்தகையதே. ஆனால் கழுதையை வெட்டினால் இரண்டாவதில்லை, சல்வீனியா இரண்டாகும்!

ஆகவே கத்தியால் வெட்டிக் கலக்குபவர் அதனை நாட்டுபவரே ஆவர். தோட்டப் பசளை கழுவிவரும் நீரில் சில நாட்களிலேயே இருமடங்காகி நாற்றை அமுக்கும். முழுதாக வாரி, மழைநீர் வாய்க்காலுக்கு இழுத்துச் செல்லாத மேட்டிற் பரப்பிச் சருகாகும்வரை காயவிடுங்கள். பின்னர் பசளைக் குழியிலிடலாம். வலையையும் கடகத்தையும் உதறிப் பாருங்கள். மண்ணில் விதை உறங்காமையால், கடைசித் துண்டும் நீங்கிய குளத்தில் அது தானாக முளையாது. கோரையைப்பற்றி இவ்வாறு கூற என்னால் இயலாது.

பெரிய நீர்நிலைகளுக்காக, இதன் குருத்தைத் தின்னும் சிறு கூன்வண்டு 1986 இல் இலங்கையில் விடப்பட்டது. கேணிக்கு இரு கைகளே போதும். காலபோக முதல்மழைக்குப்பின் வாரந்தோறும் பாருங்கள். ஐயமாயின் ஒரு செடியை மூடிய போத்தலிலிட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். ஈரக் கடகத்திற் கொண்டுவராதீர்கள்.