வண்டி முகப்பில் காமிரா

அருப்புக்கோட்டைத் தறிவீடுகளுக்கு நூலும், கரிசல் காட்டிலிருந்து விருதுநகருக்குப் பருத்தியும் ஏற்றிச் செல்லப் பெரிய பிக்கப் வண்டிகள் பயன்படுகின்றன. இவற்றின் பானெட் உயரமானது. அதற்கு முன்னே கண்ணுக்கு மறையும் தரையை அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

கணக்கு எளிது. டிரைவரின் கண் 180 செ.மீ. உயரத்திலும், அதற்கு 150 செ.மீ. முன்னே பானெட்டின் முனை 120 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். முனைக்கு அப்பால் 3 மீட்டர் வரை தரை தெரியாது. 60 செ.மீ. உயரமாகக் குந்தியிருக்கும் குழந்தை ஒன்றரை மீட்டருக்குள் இருப்பின் அறவே தெரியாது.

இக்குறை பற்றியே லண்டன் நகரில், நேரடிப் பார்வை போதாத 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், முன்னே நிற்போரை அறிவிக்கும் கருவி பூண்டிருத்தல் 2024 அக்டோபர் 28 முதல் கட்டாயமாக்கப்பட்டது.

காமிராவை முகப்பின் நடுவே சற்றுக் கீழ்நோக்கிப் பொருத்துக. வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என அறிந்து கருவி வாங்குக. சாவி திருப்பிய பின்னரே மின்சாரம் வரும் இணைப்பில், தனி ஃபியூஸ் வழியே மின்சாரம் எடுக்க வேண்டும். கம்பி தகட்டைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் அவசியம். உறை தேய்ந்தால் தீப்பொறி எழும். சிவகாசியில் வெடிபொருள் ஏற்ற உரிமம் பெற்ற வண்டியில், உரிமம் வழங்கிய அதிகாரியைக் கேளாமல் எந்த மின்வேலையும் செய்யலாகாது.

புழுதி படிந்த காமிரா குருடே. ஆதலின், புறப்படுமுன் டிரைவர் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்ப்பதைச் சங்கங்கள் விதியாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.