வழி மறிக்கப்பட்ட மீன்

லோக்தாக் ஏரியில் மீன் பிடிப்பது பொறுமைசாலிகளின் தொழில். மணிப்பூரின் இந்த நன்னீர் ஏரியில் புல்லும் வேரும் மண்ணும் பின்னிய ‘பும்டி’ திட்டுகள் மிதக்கின்றன. மீனவர்கள் அவற்றை வெட்டி இழுத்து, நீரில் வட்டமாகக் கட்டுவார்கள். நிழலும் இரையும் தேடி மீன்கள் உள்ளே சேரும்வரை காத்திருந்து, சுற்றிலும் வலையை இறக்குவார்கள். இந்த வளையத்தின் பெயர் ‘அதாபும்’.

முன்பெல்லாம் மழைக்காலத்தில் மியான்மரின் சிந்த்வின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆறு வழியே பெங்பா மீன்கள் ஏரிக்கு ஏறி வரும். ருசிக்குப் பேர்போன மீன். 105 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக 1983-ல் இத்தாய் தடுப்பணை செயல்படத் தொடங்கியதும் அந்தப் பாதை அடைபட்டது. கோடையில் தரைதட்டிச் சத்தெடுத்துக்கொண்ட பும்டிகளும், நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நிற்பதால் மெலிந்து உடைகின்றன.

பழி என்னவோ மீனவர்கள் தலையில்தான் விழுந்தது. 2006-ல் வந்த சட்டம் அதாபும்களையும் பும்டி மேல் குடியிருப்பதையும் தடை செய்தது. 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான மிதக்கும் குடிசைகளை அதிகாரிகள் கொளுத்தினார்கள். தடுப்பணையை யாரும் தொடவில்லை.

பெங்பா இன்று மாநில மீன். மணமான பெண்களைப் பிறந்த வீட்டார் விருந்துக்கு அழைக்கும் நிங்கோல் சாக்கௌபா நாளில் அதற்குத் தனி மவுசு. வாங்குவது குளத்தில் வளர்த்ததைத்தான்.