பரணிலிருந்து இறங்கும் ராக்கெட்டுகள்

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் பள்ளியில் படித்தவர்களின் வீட்டுப் பரணில் இன்றும் ஓர் அட்டைப்பெட்டி கிடப்பது உண்டு. திறந்தால் முழ நீளக் காகிதக் குழாய் ராக்கெட்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு சிறகு ஒடிந்திருக்கும். மடித்த பிளாஸ்டிக் பாராசூட்டுகளும், எஸ்டெஸ் என்ற ராக்கெட் நிறுவனத்தின் ஓரம் கிழிந்த விலைப்பட்டியலும், அடியில் எங்கோ மருந்து அடைத்த இரண்டு மூன்று பழைய மோட்டார்களும் கிடக்கும். காரோட்டும் வயது வந்ததும் மூடிவைத்த பெட்டி அது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, பேரனோ பேத்தியோ கேட்கப்போய், மறுபடி கீழே இறங்குகிறது. இப்படித் திரும்பி வருகிறவர்கள் அந்தப் பொழுதுபோக்கில் தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள். அவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஐம்பது ஆண்டு மாற்றம் ஒவ்வொரு பொருளிலும் தெரியும்.

நமக்கு ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட். குச்சியின் துணையோடு நேராக ஏறி, வெடித்து, ஒரே தடவையில் முடிந்துவிடும். மாதிரி ராக்கெட் திரும்பி வருவதற்காகவே செய்யப்படுவது. குச்சிக்குப் பதிலாக அதற்குச் சிறகுகள் உண்டு. உச்சியை எட்டியதும் மூக்குப் பகுதி கழன்று பாராசூட் விரியும். மெல்ல இறங்கியதும், தீர்ந்த மோட்டாரை உருவி எறிந்துவிட்டு இன்னொன்றைச் செருகி மறுபடி ஏவலாம்.

இந்த ஏற்பாடு பிறந்த கதை முக்கியமானது. 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் வானேறியதும் அமெரிக்கச் சிறுவர்களுக்கு ராக்கெட் பித்துப் பிடித்தது. உலோகக் குழாய்களில் தீக்குச்சி மருந்தையும், துத்தநாகத் தூளும் கந்தகமும் கலந்த கலவையையும் அடைத்தார்கள். பலருக்கு விரல் போனது, கண் போனது. சிலருக்கு உயிரே போனது. மேற்கு வர்ஜீனியாவின் கோல்வுட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஹோமர் ஹிக்கமும் அவருடைய நண்பர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். அவர்கள் 1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய கதை பின்னாளில் திரைப்படமானது. எல்லாச் சிறுவர்களுக்கும் அந்த நல்வாய்ப்பு அமையவில்லை.

இந்த ஆபத்துக்கு விடை ஒரு செருப்புக் கடையிலிருந்து வந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலுக்கு வாணவேடிக்கையில் தீராத ஈடுபாடு. அவருடைய சகோதரர் ராபர்ட் மாதிரி விமானங்கள் செய்கிறவர். அவருக்காக 1954இல் ஆர்வில் காகிதத்தாலும் பால்சா மரத்தாலும் ஒரு ராக்கெட் செய்தார். மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம், ராக்கெட் பாராசூட்டில் இறங்கும். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன், சிறுவர்கள் படும் ஆபத்தைப் பற்றி 1957இல் எழுதியதைப் படித்துவிட்டு, ஆர்வில் தம்முடைய ராக்கெட்டை அவருக்கு அனுப்பிவைத்தார். ஸ்டைன் ஒரு நிறுவனம் தொடங்கினார். மோட்டார் செய்துதர டென்வரில் வெர்ன் எஸ்டெஸைப் பிடித்தார். எஸ்டெஸ் பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கருமருந்தைக் கையால் இடித்து அடைப்பதில் உள்ள ஆபத்தை அறிந்தவர் என்பதால், அந்த வேலையைத் தானே செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி அதற்கு மேபல் என்று பெயர் வைத்தார். சில வினாடிகளுக்கு ஒரு மோட்டார் அதிலிருந்து விழுந்தது. 1961இல் கொலராடோவின் பென்ரோஸ் என்ற சிற்றூருக்கு அவருடைய தொழிற்சாலை இடம் மாறியது. எஸ்டெஸ் நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மருந்தைச் சிறுவன் கையால் கலக்கக் கூடாது, மற்றது எல்லாவற்றையும் அவனே தன் கையால் செய்யவேண்டும்: இந்த ஏற்பாட்டின் சாரம் இவ்வளவுதான். கடந்த நூற்றாண்டில் சிறுவர்களின் அறிவியல் கல்விக்குக் கிடைத்த மிகச் சிறந்த யோசனைகளில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன். பரணிலிருந்து வந்த பெட்டியும் இதே கோட்டில்தான் இரண்டாகப் பிரிகிறது. சிறுவன் செய்தவற்றில் பெரும்பாலானவை மறுபடி பறக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த மருந்து பறக்கவே கூடாது.

முதலில் அவன் செய்தவை. அன்றைய கிட்டில் பால்சாப் பலகையும், சிறகின் வடிவம் அச்சிட்ட காகிதமும் வரும். வடிவத்தைப் பலகையில் வரைந்து, கூரிய கத்தியால் அறுக்கவேண்டும். மரத்தின் ரேகை சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் தரையிறங்கும் முதல் இடியிலேயே சிறகு முறியும். இதை எச்சரிக்கையாகப் படித்ததைவிட, முறிந்த சிறகைக் கையில் வைத்துக்கொண்டு கற்றவர்களே அதிகம். பிறகு உப்புத்தாள், பூச்சு, மறுபடி உப்புத்தாள். மரத்தின் துளைகள் மறைந்து மேற்பரப்பு கண்ணாடியாகும்வரை இது நடக்கும். இன்றைய கிட்டில் சிறகுகளை லேசர் துல்லியமாக அறுத்துத் தருகிறது. மூக்கு, கடைந்த பால்சாவாக இருந்தது போய், பெரும்பாலும் வார்த்த பிளாஸ்டிக் ஆகிவிட்டது. விட்டுப்போன மூக்கையோ மோட்டார் பிடியையோ முப்பரிமாண அச்சுப் பொறியில் வீட்டிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். வேலை சுலபமானதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ரேகையைப் பார்க்கும் கண் மட்டும் அந்தப் பழைய தலைமுறைக்கு உண்டு. இளையவர்களுக்கு அவர்கள் கற்றுத்தர வேண்டியது அதைத்தான்.

வெள்ளைப் பசையால் ஒட்டிய காகிதமும் மரமும் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் உறுதியாக இருப்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். காலம் தின்றது ரப்பரை. மூக்கையும் உடலையும் இணைக்கும் ரப்பர் நாடா தொட்டாலே உதிரும். அப்படியே ஏவினால் மூக்கு பாராசூட்டோடு ஒரு பக்கமும் உடல் கல்லாக மறுபக்கமும் விழும். இப்போது கெவ்லார் நூலை மோட்டார் பிடியிலேயே கட்டிவிடுகிறார்கள். அது வெப்பத்துக்கு எளிதில் கருகுவதில்லை. பாராசூட்டின் மெல்லிய பிளாஸ்டிக் மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்து முகப்பவுடர் தூவினால் பல நேரங்களில் பிழைத்துக்கொள்ளும். பயன்படுத்தாமல் மிஞ்சிய ஒட்டுப்படங்கள் மஞ்சளாகியிருக்கும். அவற்றை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்து வெளுக்கவிட்டு, தண்ணீரில் போடுமுன் மேலே தெளிவான வார்னிஷ் அடிப்பது பழக்கம். இல்லாவிட்டால் துண்டு துண்டாகிவிடும்.

இனி அந்த மருந்து. எஸ்டெஸின் வழக்கமான மோட்டார் 18 மில்லிமீட்டர் விட்டமும் 70 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட காகிதக் குழாய். கீழே களிமண்ணால் செய்த வாய். அதற்கு மேல் இறுக அழுத்திய கருமருந்து. அது தீர்ந்ததும் உந்துதல் தராமல் புகையை மட்டும் விட்டுக்கொண்டு எரியும் தாமதக் கலவை. கடைசியில் மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றும் சிறு வெடிமருந்து. மேலே அச்சிட்டிருக்கும் குறியீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. பி6-4 என்றால், பி மொத்தக் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவின், வகுப்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் மேல் வரம்பு இரட்டிப்பாகும். ஆறு என்பது சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். நான்கு என்பது தாமதம், வினாடிக் கணக்கில். பத்து வயதுப் பிள்ளை நியூட்டன் என்ற அலகைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே கையில் பிடித்துப் பார்த்தது இங்கேதான். இந்தக் குறியீட்டு முறை இன்றும் அதேதான். அதே அளவு மோட்டார் இன்றும் கடையில் கிடைப்பதால், 1970இல் செய்த பிக் பெர்த்தா என்ற எஸ்டெஸ் ராக்கெட்டில் இன்று வாங்கிய மோட்டாரைச் செருகினால் அச்சாகப் பொருந்தும். இந்தத் தொடர்ச்சி வேறு எந்தச் சிறுவர் பொருளுக்காவது வாய்த்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். எளிதில் ஒன்றும் அகப்படவில்லை.

ஆனால் பெட்டியில் கிடந்த அந்தப் பழைய மோட்டாரைச் செருகக் கூடாது. பரண் கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும். காகிதக் குழாயும் மருந்தும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. பல கோடைகள் கடந்தபின் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்திருக்கலாம், மருந்திலேயே விரிசல் ஓடியிருக்கலாம். பற்றவைத்ததும் தீ அந்த இடைவெளிக்குள் புகுந்து ஒரே நேரத்தில் அதிகப் பரப்பு எரியும்; அழுத்தம் எகிறும்; மோட்டார் வெடிக்கும். ஐம்பது ஆண்டு காத்திருந்த ராக்கெட் ஏவு கம்பியிலேயே சிதறும். வெளியே பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தண்ணீரில் போட்டு ஊறவிட்டு, மருந்து கரைந்து குழாய் பிரிந்ததும் குப்பையில் சேர்ப்பதே முறை. பழைய மோட்டார்மேல் பாசம் வைத்து நினைவுக்காக ஒரு தடவை விட்டுப்பார்க்கத் துணிகிறவர்கள் உண்டு. பக்கத்தில் குழந்தை நிற்கும் இடத்தில் அந்த ஆசைக்கு இடமே கிடையாது.

ஏவும் முறையில் மாற்றம் குறைவு. அன்றும் மின்சாரத்தால்தான் பற்றவைத்தார்கள், இன்றும் அப்படித்தான். கார் பேட்டரியிலிருந்து கம்பி இழுத்த இடத்தில் இப்போது கைக்குள் அடங்கும் பேட்டரிப் பெட்டி. சிறிய மோட்டாருக்குப் பதினைந்து அடி விலகி நில், உரக்க எண்ணு, காற்று பலமாக அடித்தால் ஏவாதே என்ற விதிகளும் அப்படியே நிற்கின்றன.

பெரிய மாற்றம் அளப்பதில்தான். ராக்கெட் நிலையாகப் பறக்குமா என்று பார்க்க, அன்று அதன் எடை நிற்கும் இடத்தில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பார்ப்பார்கள். மூக்கு முன்னோக்கி நின்றால் பாதுகாப்பு. 1966இல் நாசாவில் பணியாற்றிய ஜேம்ஸ் பாரோமன் இதைக் காகிதத்திலேயே கணக்கிடும் சமன்பாடுகளை மாதிரி ராக்கெட்காரர்களுக்காக எழுதிக் கொடுத்தார். ஃபின்லாந்தில் ஒரு மாணவரின் ஆய்வேட்டிலிருந்து 2009 வாக்கில் பிறந்த ஓப்பன்ராக்கெட் என்னும் இலவச மென்பொருள், அந்தக் கணக்கைச் சிறகை வரையும்போதே போட்டுக் காட்டுகிறது. உயரத்துக்கும் இதே கதைதான். அன்று நூறு மீட்டர் தள்ளி நண்பன் கோணமானியோடு நிற்பான். உச்சியில் அறுபது பாகை என்று கத்தினால், அட்டவணையைப் புரட்டி 173 மீட்டர் என்று எழுதிக்கொள்வார்கள். முக்கோணவியல் ஏன் என்று அதன்பிறகு அந்தப் பையன் கேட்டிருக்கமாட்டான். இன்று காற்றழுத்தத்தை அளக்கும் சில கிராம் எடையுள்ள கருவி, ராக்கெட்டின் வயிற்றில் ஏறி இறங்கி எண்ணைச் சொல்லிவிடுகிறது. 1960களின் நடுவில் வந்த கேம்ராக் என்ற ராக்கெட் கேமரா ஒரு பறப்புக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தது. இப்போது விரல் அளவு கேமரா முழுப் பயணத்தையும் படமாக்குகிறது. எண் சரியாக வருவது நல்லதுதான். என்றாலும் கோணமானியையும் கூடவே எடுத்துப் போங்கள் என்பேன். கருவி சொன்ன உயரமும் கையால் போட்ட கணக்கும் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கும் பிள்ளைக்கு இரண்டுமே புரியும்.

வளர்ந்து திரும்பியவர்கள் பலர் பெரிய ராக்கெட்டுகள் பக்கம் போய்விடுகிறார்கள். விண்வெளி ஓடத்தின் பக்கத்து ராக்கெட்டுகளில் எரிந்த அம்மோனியம் பெர்குளோரேட் கலவையைப் போன்றதே இவற்றிலும் எரிகிறது. அதற்குச் சான்றிதழ் தேர்வுகள் உண்டு. இந்தக் கலவையை வெடிபொருள் என்று அரசு வகைப்படுத்தியதை எதிர்த்து இரண்டு ராக்கெட் சங்கங்கள் 2000இல் வழக்குப் போட்டு, ஒன்பது ஆண்டு நடத்தி, 2009இல் வென்றன. பிடிவாதமான மனிதர்கள். 2018இல் எஸ்டெஸ் தாய் நிறுவனத்தின் திவால் நடவடிக்கையில் சிக்கியபோது அதை வாங்கியவரும் இதே கூட்டத்தவர்தான். அரோரா ஃப்ளைட் சயின்சஸ் என்ற விமான நிறுவனத்தை நிறுவிய ஜான் லாங்ஃபோர்ட், சிறுவயதில் மாதிரி ராக்கெட் விட்டு வளர்ந்தவர்.

அடுத்த தலைமுறைக்கும் இடம் இருக்கிறது. 2003 முதல் நடக்கும் அமெரிக்கப் பள்ளி மாணவர் போட்டியில், பச்சைக் கோழிமுட்டையைச் சொன்ன உயரத்துக்கு அனுப்பி, சொன்ன நேரத்தில் உடையாமல் இறக்கவேண்டும். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளையின் பள்ளியில் அணி இருக்கிறதா என்று விசாரிக்கலாம். தெருவில் பரண் பெட்டியோடு ஒரு பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துக்கொள்ளலாம்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு அரிது. சிறுவர் ராக்கெட்டுக்கான சான்று பெற்ற மோட்டார் நம்மூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டில் மருந்து கலப்பதோ பழைய அமெரிக்கச் சிறுவர்களின் விரலைப் பறித்த அதே வேலை. ஆனால் கருமருந்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த சிவகாசி நம்மிடம் இருக்கிறது. எஸ்டெஸ் வந்ததும் பட்டாசுக் குடும்பத்திலிருந்துதான். மனிதக் கை படாமல் இயந்திரம் அழுத்திய, ஒவ்வொரு தொகுப்பும் சோதிக்கப்பட்ட, குறியீடு அச்சிட்ட சிறு மோட்டாரை அங்கே செய்ய முடியும். அதற்கு வெடிபொருள் விதிகளில் தெளிவான ஒரு தனிப் பிரிவும், பொறுப்பேற்க ஒரு தொழிலதிபரும் தேவை. இரண்டுக்கும் உரியவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து யோசியுங்கள்.