அரண்மனை ரயிலும் நம் பாசஞ்சர் வண்டியும்

'சக்கரங்களின் மேல் அரண்மனை' என்றொரு புகைவண்டி உண்டு. 1982 ஜனவரி 26-இல் ஓடத் தொடங்கிய அது, டில்லியிலிருந்து புறப்பட்டு ஏழு இரவுகளில் ஜெய்ப்பூர், உதயப்பூர் அரண்மனைகளையும், ரண்தம்போர்ப் புலிக்காட்டையும், பரத்பூர்ப் பறவைச் சரணாலயத்தையும் காட்டித் திரும்புகிறது. கட்டணமோ இலட்சங்களில்! எம்போன்ற ரயில்வே குமாஸ்தாக்கள் அதன் விளம்பரப் படத்தைக் கண்டு மகிழலாம்.

ஆயினும், அதியன்னூர் வாழ் அன்பர்களே, நெய்யாற்றின்கரையில் நாகர்கோவில் பாசஞ்சரில் ஏறி இரணியலில் இறங்கினால், தக்கலையை அடுத்துப் பத்மநாபபுரம் அரண்மனை நிற்கிறது. 1795 வரை அதுவே திருவிதாங்கூரின் தலைநகர். பளிங்கு மாளிகையன்று, மரமும் ஓடும் கொண்டு எழுந்தது. ஊட்டுப்புரையில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணலாம். கருந்தரையின் மினுமினுப்பு இன்றும் குன்றவில்லை. நம்மூருக்கும் அதனுடன் உறவுண்டு. நெய்யாற்றின்கரைக் கோயிலில் காக்கப்படும் அம்மச்சிப் பிலாவின் பொந்தில் ஒளிந்து பகைவரிடமிருந்து உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் மார்த்தாண்ட வர்மரே அதன் உப்பரிகை மாளிகையைக் கட்டுவித்தவர்.

1956 நவம்பர் 1-இல் எல்லை மாறியபோது, மண் தமிழ்நாட்டின் பக்கமாயிற்று; அரண்மனையோ கேரளத் தொல்பொருள் துறையிடமே தங்கிவிட்டது. உறவினர் அப்பாலும் நாம் இப்பாலுமாக வாழும் குடும்பங்களுக்கு இந்நிலை புதிதன்று. பள்ளியில் மலையாளம் பயிலும் நம் சிறுவர்க்கு, இக்கதையை அவ்விடத்தில் நின்று தமிழில் சொல்ல நாமே வேண்டும்.

வனவிலங்கு காண விழைவோர்க்கு 1958-இல் அமைந்த நெய்யாறு சரணாலயம் உண்டு. அதற்கு ரயில் இல்லை, பஸ்தான்.

கட்டுச்சோற்றுடன் காலை வண்டியில் புறப்படுக. திங்களன்று அரண்மனைக்கு விடுமுறை.