வானில் கண்டதும் ஏட்டில் மறைத்ததும்

பறக்கும் தட்டு என்றதும் நகைப்போர் உண்டு, நம்புவோரும் உண்டு. தோழர்களே, இருவரும் சற்றே பொறுங்கள்!

2004 நவம்பர் 14. கலிபோர்னியாக் கடல்மீது, அமெரிக்கக் கடற்படை விமானி டேவிட் ஃபிரேவர் சிறகற்ற வெண்பொருளொன்றைக் கண்டார். அன்று மற்றொரு விமானம் எடுத்த படத்தை அரசு முறைப்படி வெளியிட்டது 2020 ஏப்ரலில்தான்.

ஏன் இந்த மறைப்பு? கருவியின் திறன் பகைவனுக்குத் தெரிந்துவிடும் என்பது படையினரின் அச்சம். ஆனால் தொலைவறியாமல் வேகம் கணிப்பதெப்படி? அருகே மெல்ல நகர்வதும் தொலைவில் விரைந்து பறப்பதும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும்!

நான் பயிலும் திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில், காதங்கியில் 1024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார் மேல்வானக் காற்றை அளக்கிறது. அதன் அளவீடுகளை ஆய்வாளர் பலரும் சோதிக்கின்றனர், ஆகவே நம்புகிறோம்.

மறைப்பு அதிசயத்துக்குச் சான்றன்று. மறைத்த அளவீடு அறிவியலும் அன்று.