கடனும் காய்கறித் தோட்டமும்



படிவம் நான்கில் பயிலும் பிள்ளைகள் 'குவாட்ராதிக்', 'எக்ஸ்பொனென்' என்று கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுவதைப் பெற்றோர்கள் பார்த்திருப்பீர்கள். முன்னதைத் தமிழில் இருபடிச் சார்பு என்றும், பின்னதை அடுக்குக்குறிச் சார்பு என்றும் வழங்குகிறோம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம்.

முதலில் காய்கறித் தோட்டம். நம்மிடம் 40 மீட்டர் கம்பிவலை இருக்கிறது. நான்கு பக்கமும் அடைக்க வேண்டும். நீளம் 18, அகலம் 2 என்றால் பரப்பு 36 சதுர மீட்டர். 15க்கு 5 என்றால் 75. 12க்கு 8 என்றால் 96. 10க்கு 10 என்றால் 100. அகலத்தை மேலும் கூட்டினால் பரப்பு இறங்கத் தொடங்கிவிடும். ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் இந்த வளைகோடுதான் இருபடிச் சார்பு. நீண்ட வீட்டுச் சுவர் ஒன்று ஒரு பக்கமாக அமைந்துவிட்டால், அதே வலையால் 20க்கு 10 அடைத்து 200 சதுர மீட்டர் பெறலாம். எப்படி என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும்.

அடுக்குக்குறிக்கு உச்சியே கிடையாது. முதல் நாள் 2 காசு, பிறகு நாள்தோறும் இருமடங்கு என்று ஒருவர் தருகிறார். இன்னொருவர் நாள் எண்ணை அதே எண்ணால் பெருக்கித் தருகிறார். 3ஆம் நாள் முன்னவர் தருவது 8 காசு, பின்னவர் 9 காசு. பின்னவரே மேல் என்று தோன்றும். 20ஆம் நாள் பின்னவர் தருவது 4 ரிங்கிட். முன்னவரோ 10,485 ரிங்கிட் 76 காசு!

பாடநூல்களில் இதற்குப் பாக்டீரியாவைக் காட்டுவது வழக்கம். நமக்குப் பாக்டீரியாவைவிட வட்டிக்காரரை நன்றாகத் தெரியும். அவசரத்துக்கு 1,000 ரிங்கிட் வாங்குகிறோம். மாதம் 10 விழுக்காடு வட்டி. 'பத்துதானே' என்கிறோம். உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்ச வட்டியாக 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தில் இருப்பது ஆண்டுக்கே 18 விழுக்காடுதான் என்பதை நினைவில் வையுங்கள். கட்டாமல் விட்டு, வட்டிக்கும் வட்டி ஏறினால், கடன் மாதந்தோறும் 1.1 மடங்காகிறது. எட்டாம் மாதத்தில் இருமடங்கைத் தாண்டும். ஓராண்டில் 3,138 ரிங்கிட். ஈராண்டில் 9,849 ரிங்கிட். முதலாண்டில் ஏறியது இரண்டாயிரத்துச் சொச்சம். இரண்டாமாண்டில் ஏறியதோ ஆறாயிரத்துக்கும் மேல். இதைத்தான் கரும்பலகையில் 1.1இன் அடுக்கு என்று எழுதுகிறோம்.

சரி, மாதாமாதம் 100 ரிங்கிட் தவறாமல் கட்டினால்? அது வட்டிக்கே சரியாய்ப் போகும். ஈராண்டில் 2,400 ரிங்கிட் கொடுத்த பின்னும் 1,000 ரிங்கிட் அப்படியே நிற்கும். 150 ரிங்கிட் கட்டினால் நிலைமை வேறு. முதல் மாதம் 1,100 ஆன கடன் 950க்கு இறங்கும். அடுத்த மாதம் 895. இப்படியே பதினொரு மாதம் கட்டிவிட்டால், பன்னிரண்டாம் மாதம் ஏறக்குறைய 81 ரிங்கிட்டோடு கணக்குத் தீர்ந்துவிடும். கடன் வாங்கப் புறப்படுமுன் பிள்ளையைக் கூப்பிட்டு, கணிப்பொறியை எடுத்து இந்தப் பன்னிரண்டு வரிகளையும் எழுதச் சொல்லுங்கள்.